உயிருக்கு விலை குறிக்க மறுத்த ஆயர்

முன்ஸ்ரர் நகரின் கர்தினால் வொன் காலன் வாழ்க்கை வரலாறு

வைத்தியம் என்பது மருந்தும் சத்திரசிகிச்சையும் மட்டுமன்று. ஒவ்வொரு நோயாளியின் கட்டிலருகிலும் அறநெறிக் கேள்வி ஒன்றும் காத்து நிற்கின்றது. எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது, அதைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதே அக்கேள்வி. இதற்கு அறிஞர் பொதுவாக இரு வழிகளில் விடை தேடுவர். ஒரு செயலால் விளையும் பயனைக் கணக்கிட்டு, பயன் மிகுந்திருப்பின் அச்செயல் நன்றெனக் கொள்வது ஒரு வழி. விளைவு எத்தகையதாயினும் செய்யவே கூடாத செயல்கள் சில உண்டு. மாசற்ற ஒருவரைக் கொல்வது அவற்றுள் முதன்மையானது எனக் கொள்வது மற்றைய வழி.

ஏட்டில் படிக்கும்போது இவை வெறும் தத்துவ வாதங்களாகத் தோன்றலாம். ஆனால் ஓர் அரசும் அதன் வைத்தியரும் முதலாவது வழியை மட்டும் பற்றிக்கொண்டு இரண்டாவதைக் கைகழுவிவிட்டால் என்ன நேரும் என்பதை இரண்டாம் உலக மகாயுத்த காலத்து ஜேர்மனி உலகுக்குக் காட்டிற்று. அந்த இருண்ட நாட்களில், நோயாளியின் உயிருக்கு எவரும் விலை குறிக்க முடியாது என்று பிரசங்க மேடையிலிருந்து முழங்கிய ஆயரே கிளெமென்ஸ் ஔகுஸ்ற் வொன் காலன் ஆண்டகை. அவரது வரலாறு நமது குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்றாகும்.

பிறப்பும் வளர்ப்பும்

வட ஜேர்மனியிலுள்ள டிங்க்லாகே என்னும் இடத்தில், பழம்பெரும் பிரபு குடும்பமொன்றில் 1878 மார்ச் 16ஆம் திகதி அவர் பிறந்தார். 13 பிள்ளைகளில் அவர் 11ஆவது பிள்ளை. பெயரளவில் அரண்மனை வாழ்வாயினும், செபமும் ஒழுங்கும் சிக்கனமும் நிறைந்த இல்லம் அது. ஏழைகளுக்குச் செய்வது தருமம் அன்று, கடமை என்னும் எண்ணம் சிறு வயதிலேயே அப்பிள்ளைகளின் மனதில் ஊன்றப்பட்டது.

யேசுசபைக் குருக்களின் கல்லூரியிலும் பின்னர் பிறைபேர்க், இன்ஸ்புறூக் நகரங்களிலும் கல்வி கற்ற கிளெமென்ஸ், 1904 மே 28ஆம் திகதி முன்ஸ்ரர் பேராலயத்தில் குருப்பட்டம் பெற்றார். 1906ஆம் ஆண்டில் தலைநகர் பேர்லினுக்கு அனுப்பப்பட்டார். கத்தோலிக்கர் சிறுபான்மையினராக வாழ்ந்த அப்பெருநகரில் 23 ஆண்டுகள் பணிபுரிந்தார். முதலாம் உலக யுத்தம், தோல்வி, பசி, வேலையின்மை, பணவீக்கம் ஆகிய அனைத்தையும் தம் மக்களோடு சேர்ந்து அனுபவித்தார். 1929இல் முன்ஸ்ரர் நகருக்குத் திரும்பி, புனித லம்பேர்ட் ஆலயத்தின் பங்குக்குருவானார்.

ஆறரை அடிக்கும் அதிகமான உயரமுடையவர் அவர். நாவன்மை மிக்கவர் என்று எவரும் அவரைக் கூறியதில்லை. பழமையில் ஊறியவர், நாட்டுப்பற்று மிகுந்தவர், எளிதில் அசைந்து கொடுக்காதவர் என்றே அறிந்தோர் அவரை மதிப்பிட்டனர்.

ஹிட்லர் ஆட்சிக்கு வந்த அதே 1933ஆம் ஆண்டில் பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் அவரை முன்ஸ்ரர் ஆயராக நியமித்தார். ஒக்ரோபர் 28ஆம் திகதி ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்ட அவர், மனிதரின் புகழ்ச்சிக்கும் மயங்கேன், மனிதரின் அச்சுறுத்தலுக்கும் பணியேன் என்னும் பொருளுடைய இலத்தீன் வாசகத்தைத் தமது விருதுவாக்காகத் தெரிந்துகொண்டார். இன்னும் எட்டு ஆண்டுகளில் அதற்குத் தம் உயிரையே பணயம் வைக்க வேண்டி வரும் என்று அன்று எவரும் நினைத்திருக்கமாட்டார்கள்.

கணக்குப் புத்தகத்தில் நுழைந்த நஞ்சு

இங்கே சற்று நின்று, அக்காலத்து ஜேர்மன் வைத்திய உலகைப் பார்ப்பது அவசியம். நோயாளரைக் கொல்லும் எண்ணம் ஹிட்லரின் மூளையில் மட்டும் திடீரென உதித்ததன்று. 1920ஆம் ஆண்டிலேயே கார்ல் பின்டிங் என்ற சட்டப் பேராசிரியரும் அல்பிரெட் ஹொஹே என்ற மனநோய் வைத்தியப் பேராசிரியரும் சேர்ந்து ஒரு சிறு நூல் வெளியிட்டனர். குணப்படுத்த இயலாத மனநோயாளரும் மூளைவளர்ச்சி குன்றியோரும் வாழத் தகுதியற்ற உயிர்கள் எனவும், அவர்களைப் பராமரிப்பது நாட்டுக்கு வீண்செலவு எனவும், அவர்களை அழிப்பதைச் சட்டம் அனுமதிக்கவேண்டும் எனவும் அந்நூல் வாதித்தது. அதை எழுதியவர்கள் கொலைகாரர்கள் அல்லர், மதிப்புக்குரிய கல்விமான்கள். பயனைக் கணக்கிடும் அறநெறி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

1933 யூலை 14ஆம் திகதி நாசி அரசு ஒரு சட்டத்தை இயற்றியது. பரம்பரை நோயுடையோர் எனக் கருதப்பட்டவர்களைக் கட்டாயமாக மலடாக்க அச்சட்டம் வழி வகுத்தது. ஏறத்தாழ 4 இலட்சம் பேர் இக்கொடுமைக்கு ஆளாயினர். பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் 1930ஆம் ஆண்டு டிசெம்பரில் விவாகம் பற்றி எழுதிய சுற்றுமடலில், அரசுக்கு இத்தகைய அதிகாரம் இல்லை என்று முன்கூட்டியே கண்டித்திருந்தார். கேட்பார்தான் இல்லை. பாடசாலைக் கணக்குப் புத்தகங்களிலும் நஞ்சு புகுந்தது. ஒரு மனநோயாளியைப் பராமரிக்க இவ்வளவு செலவாகிறது. அப்பணத்தில் புதுமணத் தம்பதியருக்கு எத்தனை வீடுகள் கட்டலாம் என்று மாணவருக்குக் கணக்குக் கொடுக்கப்பட்டது. மனிதரைப் பணமாக மாற்றி எண்ணப் பழகிய ஒரு தலைமுறை இவ்வாறு உருவாக்கப்பட்டது.

சாம்பல் நிற பஸ்கள்

1939 ஒக்ரோபரில் ஹிட்லர் ஒற்றைத் தாளிலான ஒரு கடிதத்தில் ஒப்பமிட்டு, யுத்தம் தொடங்கிய செப்ரெம்பர் 1ஆம் திகதியை அதில் இடச்செய்தார். குணமடையார் எனக் கருதப்படும் நோயாளருக்குக் கருணை மரணம் அளிக்க, குறித்த வைத்தியர்களுக்கு அதிகாரம் வழங்கப்படலாம் என்பதே அதன் சாரம். கருணை என்ற அழகிய சொல்லுக்குள் கொலை ஒளித்து வைக்கப்பட்டது. இவ்வேலையை நடத்திய இரகசிய அலுவலகம் பேர்லினில் ரீயர்கார்ட்டன் வீதி 4ஆம் இலக்க இல்லத்தில் இருந்தமையால், ரி-4 என்ற பெயர் அதற்கு ஏற்பட்டது.

நாட்டிலுள்ள மனநோய் வைத்தியசாலைகளுக்கும் பராமரிப்பு இல்லங்களுக்கும் படிவங்கள் அனுப்பப்பட்டன. நோய் யாது, எவ்வளவு காலமாக இருக்கிறார், வேலை செய்ய வல்லவரா, என்ன இனத்தவர் என்பன போன்ற கேள்விகள் அவற்றில் இருந்தன. நிரப்பப்பட்ட படிவங்களை மூன்று வைத்தியர் பார்வையிடுவர். சிவப்புப் பென்சிலால் சக அடையாளம் இட்டால் மரணம். நீலப் பென்சிலால் சய அடையாளம் இட்டால் வாழ்வு. நோயாளியின் முகத்தைக்கூட அவர்கள் பார்ப்பதில்லை.

சிவப்பு அடையாளம் பெற்றவர்களைச் சாம்பல் நிற பஸ்கள் வந்து ஏற்றிச் சென்றன. ஹடமார், கிறாபெனெக், ஹார்த்ஹைம் முதலிய ஆறு இடங்களில், குளிக்கும் அறை போல் அமைக்கப்பட்ட அறைகளில் நச்சுவாயு செலுத்தி அவர்களைக் கொன்றனர். வாயுக் குழாயைத் திறப்பதும் ஒரு வைத்தியரின் பொறுப்பாகவே வைக்கப்பட்டிருந்தது. பின்னர் உடல்கள் எரிக்கப்பட்டன. குடும்பத்தாருக்கு அனுதாபக் கடிதமும் பொய்யான மரண அத்தாட்சிப் பத்திரமும் சென்றன. பல ஆண்டுகளுக்கு முன்பே குடல்வால் அகற்றப்பட்டிருந்த ஒருவர் குடல்வால் அழற்சியால் இறந்ததாக எழுதப்பட்ட சம்பவங்களும் உண்டு.

1941 ஓகஸ்ட் வரை இவ்வாறு 70,273 பேர் கொல்லப்பட்டதாகக் கொலையாளிகளின் சொந்தக் கணக்கேடே கூறுகின்றது. அவ்வேடு அத்துடன் நிற்கவில்லை. இவர்கள் உயிரோடு இருந்திருந்தால் பத்து ஆண்டுகளில் பராமரிப்புக்கு எவ்வளவு செலவாகியிருக்கும் என்று கணக்கிட்டு, 88 கோடி மார்க்குக்கு மேல் மிச்சம் என்றும் எழுதி வைத்தது. தாயொருத்தியின் மகனும், பிள்ளைகளின் தந்தையும் அங்கே மிச்சப்படுத்திய பணமாக மாறிவிட்டார்கள்.

பேசாதிருந்த ஓராண்டு

இவ்விடயம் 1940 யூலையிலேயே ஆயர் வொன் காலனின் காதுக்கு எட்டியது. முன்ஸ்ரருக்கு அருகிலிருந்த மரியென்தால் வைத்தியசாலையிலிருந்து செய்தி வந்திருந்தது. அவர் உடனே ஜேர்மன் ஆயர்களின் தலைவரான கர்தினால் பேர்ட்ராம் ஆண்டகைக்கு எழுதினார். பகிரங்கமாகப் பேசினால் திருச்சபைக்கு மேலும் துன்பம் நேரும், அரசுக்குக் கடிதமூலம் எதிர்ப்புத் தெரிவிப்பதே விவேகம் என்ற கருத்து ஆயர்களிடையே மேலோங்கியிருந்தது. கடிதங்கள் சென்றன, பஸ்களும் சென்றுகொண்டிருந்தன. அவ்வாண்டு டிசெம்பரில், உடல் அல்லது உளக் குறைபாட்டின் காரணமாக மாசற்றவரைக் கொல்வது இயற்கைச் சட்டத்துக்கும் தெய்வீகச் சட்டத்துக்கும் முரணானது என உரோமாபுரி தெளிவாகத் தீர்ப்புக் கூறிற்று.

ஓர் ஆண்டு கழிந்தது. அவ்வோராண்டின் சுமை ஆயரின் உள்ளத்தை அழுத்தியிருக்க வேண்டும். 1941 யூலையில் முன்ஸ்ரர் நகரம் பிரித்தானிய விமானங்களின் குண்டுவீச்சால் எரிந்துகொண்டிருந்த அதே நாட்களில், இரகசியப் பொலிசார் யேசுசபையாரின் இல்லங்களையும் கன்னியர் மடங்களையும் பறிமுதல் செய்து, துறவிகளை வீதிக்குத் துரத்தினர். ஆயர் யூலை 13ஆம் திகதியும் 20ஆம் திகதியும் இதை வெளிப்படையாகக் கண்டித்தார். அதற்கிடையில், மரியென்தாலில் இருந்து நோயாளரை ஏற்றிச் செல்லப் பட்டியல் தயாராகிவிட்டது என்ற செய்தி கிடைத்தது. இனிக் காத்திருப்பது பாவம் என்று அவர் தீர்மானித்தார்.

சட்டத்தின் வாசலில்

அவர் முதலில் செய்தது பிரசங்கமன்று. யூலை 28ஆம் திகதி அரச வழக்குத்தொடுநருக்கும் பொலிஸ் தலைவருக்கும் பதிவுத் தபாலில் முறைப்பாடு அனுப்பினார். ஜேர்மன் தண்டனைச் சட்டக்கோவையின் 211ஆம் பிரிவின்படி திட்டமிட்ட கொலை மரணதண்டனைக்குரிய குற்றம். 139ஆம் பிரிவின்படி, உயிருக்கு எதிரான குற்றம் நடக்கப்போவதை அறிந்தவர் அதை அதிகாரிகளுக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர். ஹிட்லரின் இரகசியக் கடிதம் சட்டமாக ஒருபோதும் பிரகடனம் செய்யப்படவில்லை. ஆகவே நாட்டின் சட்டப்படியே அது கொலை. ஆயர் அக்கொலையை முறைப்படி அறிவித்து, நோயாளருக்குப் பாதுகாப்புக் கோரினார். அதிகாரிகள் எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஓகஸ்ட் 3ஆம் திகதி. எருசலேமைப் பார்த்து ஆண்டவர் கண்ணீர் விட்ட சுவிசேஷப் பகுதி அன்று வாசிக்கப்பட்டது. புனித லம்பேர்ட் ஆலயத்தில் திரண்டிருந்த மக்கள் முன்னிலையில் ஆயர் பிரசங்க மேடை ஏறினார். தாம் செய்த முறைப்பாட்டை வரி வரியாக வாசித்துக் காட்டினார். நோயாளர் கொல்லப்படுகிறார்கள் என்பதை, கொலை என்ற பெயராலேயே கூறினார்.

பின்னர் அவர் எடுத்துக்காட்டிய நியாயம் எவருக்கும் விளங்கக்கூடியது. பழைய இயந்திரம் ஓடாவிட்டால் உடைத்து இரும்பாக்கலாம். நொண்டிக் குதிரையையும் பால் வற்றிய பசுவையும் கொல்லலாம். ஆனால் இங்கே பேசப்படுவது இயந்திரத்தையோ மிருகத்தையோ பற்றியதன்று. நம் சகோதர சகோதரிகளைப் பற்றியது. உழைக்க முடியாதவரைக் கொல்லலாம் என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால், அடுத்ததாக உழைத்துத் தேய்ந்த தொழிலாளிக்கு என்ன பாதுகாப்பு? போர்முனையில் கை கால் இழந்து திரும்பும் படைவீரனுக்கு என்ன கதி? முதுமையடையும் நம் ஒவ்வொருவருக்கும் என்ன கதி? இனிமேல் எந்த நோயாளி தன் வைத்தியரை நம்புவான்? இவ்வாறு அவர் கேள்விமேல் கேள்வியாக அடுக்கினார்.

மரியென்தாலில் இருந்த 55 வயது விவசாயி ஒருவரைப் பற்றியும் அவர் சொன்னார். சில ஆண்டுகளாக அவருக்கு மனக்கோளாறு. ஆனாலும் குடும்பத்தார் வந்து பார்த்தால் மகிழ்வார். போர்முனையிலிருந்து விடுமுறையில் வந்த மகன், தாயோடு சென்று தந்தையைப் பார்த்து விடைபெற்றான். நாட்டுக்காகத் தன் உயிரைக் கொடுக்க மகன் போர்முனையில் நிற்க, அதே நாடு அவன் தந்தையைக் கொல்லப் பட்டியலில் சேர்த்துவிட்டது. சொந்தக்காரர்கள் உள்ள எந்த வீட்டுக்கும் இதன் பொருள் புரியாமற் போகாது. எட்டு ஆண்டு காலப் பிரசாரம் கட்டிய மதிலை இந்த ஒரு கதை பிளந்துவிட்டது.

எரிந்து பரவிய சொல்

அப்பிரசங்கத்தைத் தட்டச்சிலும் கையெழுத்திலும் பிரதி எடுத்து மக்கள் இரகசியமாகக் கைமாற்றினர். போர்முனைக்கும் அது போய்ச் சேர்ந்தது. பிரித்தானிய விமானங்கள் அதைத் துண்டுப்பிரசுரமாக அச்சிட்டு வானிலிருந்து வீசின. மியூனிக் நகரில் ஹான்ஸ் ஷோல் என்ற இளைஞரும் அவர் சகோதரி சோபியும் அதைப் படித்து ஊக்கம் பெற்றனர்; பின்னர் அவர்களும் துண்டுப்பிரசுரம் வெளியிட்டு 1943இல் உயிர் துறந்தனர். லிம்பேர்க் ஆயர் ஹில்பிறிஷ் ஆண்டகை, ஹடமார் ஊர்ப் பிள்ளைகளே அந்த பஸ்களையும் புகைபோக்கியின் புகையையும் அடையாளம் கண்டு பேசிக்கொள்வதை எடுத்துக்காட்டி நீதி அமைச்சருக்கு எழுதினார்.

ஆயரைத் தூக்கிலிட வேண்டும் என்று நாசித் தலைவர்கள் சிலர் துடித்தனர். அப்படிச் செய்தால் வெஸ்ற்பாலியா மாநில மக்களின் ஆதரவு முழுவதையும் யுத்தம் முடியும்வரை இழக்க நேரும் என்று பிரசார அமைச்சர் கொயபல்ஸ் அஞ்சினார். கணக்கைப் பின்னர் தீர்த்துக்கொள்ளலாம் என ஹிட்லர் ஒத்திவைத்தார். 1941 ஓகஸ்ட் 24ஆம் திகதி, நச்சுவாயுவால் நோயாளரைக் கொல்வதை நிறுத்தும்படி வாய்மொழி உத்தரவு பிறந்தது. அதற்குக் காரணங்கள் பல இருந்திருக்கலாம். ஆயினும் ஆயரின் குரல் எழுப்பிய மக்கள் கொந்தளிப்பு அவற்றுள் முக்கியமானது என்பதைப் பெரும்பாலான வரலாற்றாசிரியர் ஏற்றுக்கொள்கின்றனர்.

ஆனால் கொலை அத்துடன் ஓய்ந்ததாக நாம் எண்ணிவிடக் கூடாது. குழந்தைகளைக் கொல்வது நிற்கவில்லை. வைத்தியசாலைகளுக்குள்ளேயே பட்டினியாலும் அளவுமீறிய மருந்தாலும் நோயாளர் 1945 வரை சாகடிக்கப்பட்டனர். ரி-4இல் பழகிய கைகள் பெல்செக், சோபிபோர், திறெப்லிங்கா முகாம்களில் யூத மக்களைக் கொல்லச் சென்றன. வைத்தியத்தில் திறந்த கதவு அங்கே போய் முடிந்தது.

பிறர் கொடுத்த விலை

ஆயரின் சொல்லுக்கு அவரைச் சார்ந்தவர்களே விலை கொடுத்தனர். அவரது மறைமாவட்டக் குருக்கள் பலர் கைதுசெய்யப்பட்டுத் தடுப்பு முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். சிலர் அங்கேயே மாண்டனர். சொந்தச் சகோதரர் பிரான்ஸ் 1944இல் கைதாகி முகாமில் அடைக்கப்பட்டார். வடக்கே லூபெக் நகரில் பிராசெக், மியூலர், லாங்கே என்னும் மூன்று கத்தோலிக்கக் குருக்களும், ஸ்ரெல்பிறிங்க் என்னும் லூத்தரன் போதகரும் இப்பிரசங்கங்களைப் பரப்பிய குற்றமும் சுமத்தப்பட்டு, 1943 நவம்பர் 10ஆம் திகதி ஹம்பேர்க் சிறைச்சாலையில் ஒருவர்பின் ஒருவராகச் சிரச்சேதம் செய்யப்பட்டனர். அம்மூன்று குருக்களும் 2011 யூன் 25ஆம் திகதி முத்திப்பேறு பெற்றோர் வரிசையில் சேர்க்கப்பட்டனர். பேசியவர் உயிரோடு இருக்க, தம் சொல்லை எடுத்துச் சென்றவர்கள் இறப்பதைப் பார்ப்பது ஆயருக்கு எத்தகைய சிலுவையாக இருந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

வரலாற்றுக்கு நேர்மையாயிருக்க வேண்டுமாயின் இன்னொன்றையும் சொல்லவேண்டும். நோயாளருக்காக இடியென முழங்கிய அவர், யூத மக்கள் நாடு கடத்தப்பட்டபோது அதே தெளிவோடு பகிரங்கமாகப் பேசவில்லை. யுத்தத்தில் தம் நாட்டின் பக்கத்தையே அவர் ஆதரித்தார். இதை மறைப்பதால் அவருக்குப் பெருமை கூடாது. ஒருவரைக் காக்கத் துணிந்த மனச்சாட்சிகூட இன்னொருவர் விடயத்தில் தயங்கக்கூடும் என்பது நம் எல்லோருக்கும் ஓர் எச்சரிக்கை.

இறுதி நாட்கள்

1943 ஒக்ரோபர் 10ஆம் திகதி முன்ஸ்ரர் பேராலயமும் ஆயர் இல்லமும் குண்டுவீச்சில் அழிந்தன. யுத்தம் முடிந்து பிரித்தானியப் படை நகரை ஆண்டபோதும் ஆயரின் இயல்பு மாறவில்லை. மக்களின் பசியையும், படையினரின் அத்துமீறல்களையும் அவர்கள் முகத்துக்கு நேரே எடுத்துரைத்தார். 1946 பெப்ரவரியில் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் அவரைக் கர்தினாலாக உயர்த்தினார். மார்ச் 16ஆம் திகதி, தமது 68ஆவது பிறந்தநாளில், இடிபாடுகளின் நடுவே திரண்டு நின்ற மக்களின் வரவேற்போடு முன்ஸ்ரர் திரும்பினார். அடுத்த சில நாட்களில் குடல்வால் வெடித்து நோயுற்று, மார்ச் 22ஆம் திகதி இறைவனடி சேர்ந்தார். இடிந்து கிடந்த பேராலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். 2005 ஒக்ரோபர் 9ஆம் திகதி உரோமாபுரி புனித இராயப்பர் பேராலயத்தில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் வழங்கப்பட்டது.

அவர் மறைந்த அதே ஆண்டு டிசெம்பரில் நூரம்பேர்க் நகரில் நாசி வைத்தியர்களின் வழக்குத் தொடங்கியது. ஹிட்லரின் கடிதத்தில் பெயர் குறிக்கப்பட்ட வைத்தியர் கார்ல் பிறான்ட் 1948 யூன் 2ஆம் திகதி தூக்கிலிடப்பட்டார். நோயாளரின் சுயமான சம்மதமின்றி அவர்கள்மேல் பரிசோதனை செய்யலாகாது என்னும் விதி முதலாக, பத்து விதிகள் அவ்வழக்கின் தீர்ப்பில் 1947இல் வகுக்கப்பட்டன. இன்று வைத்திய மாணவர் கற்கும் நோயாளிக்கு நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, அவர் விருப்பை மதித்தல், நீதி வழுவாமை என்னும் நெறிகளுக்குப் பின்னால் இந்தக் கண்ணீர்க் கதையும் நிற்கின்றது.

நமக்கு என்ன?

அன்பார்ந்த வாசகர்களே, அந்த பஸ்கள் நம் வாசலுக்கு வரவில்லை என்று நாம் ஆறுதல் அடையலாம். ஆனால் அவற்றை அனுப்பிய எண்ணம் எந்த வீட்டுக்குள்ளும் நுழையக்கூடியது. பாரிசவாதத்தால் கட்டிலில் கிடக்கும் முதியவரைப் பார்த்து, இவரால் இனி என்ன பயன் என்று ஒருவர் மனதுக்குள் கேட்கும்போது, அது மெல்ல எட்டிப் பார்க்கின்றது. குறைபாட்டோடு பிறக்கப்போகும் குழந்தை பிறக்காமலிருப்பதே அதற்கு நல்லது என்று கருணையின் பெயரால் ஆலோசனை கூறப்படும்போது, அது குரல் எடுத்துப் பேசுகின்றது. மூளைவளர்ச்சி குன்றிய பிள்ளையை விருந்தினர் கண்ணில் படாமல் அறைக்குள் வைக்கும்போதும் அதன் சாயல் அங்கே உண்டு.

அதேவேளை, திருச்சபை கேட்காத சுமையையும் நாம் நம்மேல் ஏற்றிக்கொள்ளத் தேவையில்லை. எந்த விலை கொடுத்தேனும், எந்த இயந்திரம் பூட்டியேனும் மூச்சை இழுத்து வைத்திருக்கவேண்டும் என்று திருச்சபை கற்பிக்கவில்லை. 1957 நவம்பரில் மயக்க மருந்து வைத்தியர்களுக்கு ஆற்றிய உரையில் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் இதைத் தெளிவுபடுத்தினார். சாதாரண வழிகளால் உயிரைப் பேணுவது கடமை. நோயாளிக்கோ குடும்பத்துக்கோ தாங்கொணாச் சுமையாகும் அசாதாரண வழிகள் கட்டாயமல்ல. 1980இல் உரோமாபுரி வெளியிட்ட கருணைக்கொலை பற்றிய அறிக்கையும், 1995இல் பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் எழுதிய உயிரின் நற்செய்தி என்னும் சுற்றுமடலும் இதையே விரித்துரைத்தன. வலியைத் தணிக்க மருந்து கொடுக்கலாம். பயனற்ற சிகிச்சையை நிறுத்தி, நோயாளியை அமைதியாக ஆண்டவரிடம் ஒப்படைக்கலாம். ஆனால் அவர் சாகவேண்டும் என்ற நோக்கத்தோடு எதையும் செய்யவோ, செய்யவேண்டியதைச் செய்யாது விடவோ கூடாது. சிகிச்சை சுமையாகலாம், நோயாளி ஒருபோதும் சுமையாகமாட்டார். இவ்வேறுபாட்டை மனதில் வைத்திருந்தால், வைத்தியசாலை வராந்தாவில் நின்று முடிவெடுக்க வேண்டிய வேளையில் குடும்பத்தவர் மனம் குழம்பத் தேவையில்லை. ஐயம் இருப்பின் வைத்தியரிடமும் குருவிடமும் தயங்காது கேட்க வேண்டும்.

நோயிற் பூசுதல் என்னும் அருட்சாதனம் நமக்குக் கற்பிப்பதும் இதுவே. குரு எண்ணெய் பூசும் நெற்றி அறிவாளியினுடையதா, உழைப்பாளியினுடையதா, எவருக்கும் பயன்படாதவர் என உலகம் ஒதுக்கியவருடையதா என்று திருச்சபை பார்ப்பதில்லை. நோயுற்றவரைச் சந்தித்தோரைத் தம்மையே சந்தித்தவராக ஏற்றுக்கொள்வேன் என்று நம் ஆண்டவர் கூறியபோது, எந்த நோயாளியையும் அவர் விலக்கவில்லை.

முன்ஸ்ரர் ஆயர் புதிய அறநெறி எதையும் கண்டுபிடித்தவர் அல்லர். ஐந்தாம் கட்டளையை ஞானோபதேச வகுப்பில் படித்த எந்தச் சிறுவனுக்கும் தெரிந்ததைத்தான் அவரும் சொன்னார். எல்லோருக்கும் தெரிந்ததை எவரும் சொல்லத் துணியாத வேளையில் சொன்னார் என்பதே அவர் பெருமை. அத்தகைய துணிவு நம் வீடுகளிலும் வைத்தியசாலைகளிலும் பணிபுரியும் நம் பிள்ளைகளுக்கும் கிடைக்க, முத்திப்பேறு பெற்ற கிளெமென்ஸ் ஔகுஸ்ற் நமக்காக வேண்டிக்கொள்வாராக.